காதலிக்க நேரமில்லை: கதை சொன்னவரும் கேட்டவரும்

1964ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளிவந்த ‘காதலிக்க நேரமில்லை’ படத்தை இன்றைக்கும் உட்கார்ந்து பார்க்க முடியுமா என்று தயங்குபவர்களுக்கு விடையை முதலிலேயே சொல்லிவிடலாம்: தாராளமாகப் பார்க்கலாம், ஆனால் முழுப் படமாகப் பார்க்க வேண்டும். இதை இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. நாகேஷ், தந்தையாக வரும் டி. எஸ். பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சியைக் கைபேசியில் துண்டாகப் பார்த்துவிட்டு, படத்தையே பார்த்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இன்று ஏராளம். அந்தத் துண்டு தனியாகவே சிரிக்க வைக்கும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதைச் சொல்பவன் யார், கேட்பவர் எப்படிப்பட்டவர், எதை எதிர்பார்த்து அந்தக் கதை சொல்லப்படுகிறது என்பதெல்லாம் தெரிந்து பார்க்கும்போதுதான், 60 ஆண்டுகளைக் கடந்தும் இந்தப் படத்தின் மேல் மக்களுக்கு இருக்கும் பிரியம் எங்கிருந்து வருகிறது என்பது பிடிபடும்.

இயக்குநர் ஸ்ரீதர் அதுவரை பெரும்பாலும் கண்ணீருக்குப் பெயர் பெற்றவர். ‘கல்யாணப் பரிசு’, ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ என்று பார்வையாளரை அழவைத்து அனுப்பியவர், பள்ளி நாள்களிலிருந்தே நண்பராக இருந்த சித்ராலயா கோபுவோடு சேர்ந்து, தொடக்கம் முதல் முடிவு வரை சிரிப்பு மட்டுமே இருக்கும் ஒரு படத்தை ஈஸ்ட்மேன் கலரில் எடுக்கத் துணிந்தார். கதாநாயகனாக ரவிச்சந்திரன், கதாநாயகியாகக் காஞ்சனா என்று இருவரைப் புதிதாக அறிமுகப்படுத்தினார். ஏ. வின்சென்ட் ஒளிப்பதிவு செய்தார்; விஸ்வநாதன் ராமமூர்த்தி இசையமைத்தார்கள்; கண்ணதாசன் பாட்டெழுதினார். எம்.ஜி.ஆரும் இல்லாமல், சிவாஜியும் இல்லாமல், ஜெமினி கணேசனும் இல்லாமல், செலவு மிகுந்த வண்ணப்படம் ஒன்றை எடுப்பது அந்தக் காலத்தில் லேசான முடிவன்று. படம் பெருவெற்றி பெற்றது. அடுத்த ஆண்டே தெலுங்குக்கும், 1966இல் ஸ்ரீதரின் இயக்கத்திலேயே இந்திக்கும் போயிற்று. இந்தியில் நாகேஷின் வேடத்தை மெஹ்மூத் ஏற்றார்.

கதை என்று எடுத்துச் சொன்னால் ஒரு தாளில் அடங்கிவிடும். பொள்ளாச்சிப் பக்கத்துச் சின்னமலையில் தோட்டமும் பங்களாவுமாக வாழும் விஸ்வநாதனுக்கு (பாலையா) இரண்டு பெண்கள், ஒரு பையன். பெண்களைப் பணக்கார வீட்டில் கட்டிக்கொடுக்க வேண்டும் என்பது அவருடைய ஒரே குறிக்கோள். அவருடைய தோட்டத்தில் வேலை பார்த்த அசோக் என்ற ஏழை இளைஞன், அவர் பெண்களோடு ஏற்பட்ட உரசலால் வேலையை இழந்து, பங்களாவின் எதிரிலேயே கூடாரம் அடித்து, வேலை கேட்டுப் பாட்டுப் பாடிப் போராடுகிறான். போராட்டம் அவருடைய பெண்ணோடு காதலாக முடிகிறது. பெண்ணைக் கட்டிக்கொள்வதற்காகத் தன்னைப் பெரிய கோடீஸ்வரரின் ஒரே வாரிசு என்று சொல்லிக்கொள்ளும் அவன், அந்தக் கோடீஸ்வரராக நடிக்கத் தன் நண்பன் வாசுவை வரவழைக்கிறான். வாசு காதலிப்பது விஸ்வநாதனின் இன்னொரு பெண்ணை என்பது அவன் வந்து சேர்ந்த பிறகுதான் தெரிகிறது. பையன் செல்லப்பாவோ இந்தக் காதல் எதிலும் தலையிடாமல், ‘ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்’ என்ற பெயரில் சினிமாக் கம்பெனி தொடங்கி, அப்பாவிடமிருந்து பணம் கறக்கும் வழியைத் தேடிக்கொண்டிருக்கிறான். அந்தச் செல்லப்பாதான் நாகேஷ்.

இனி அந்தக் காட்சிக்கு வருவோம். பணம் தர மாட்டேன் என்று பிடிவாதமாக இருக்கும் தந்தையிடம், தான் எடுக்கப்போகும் படத்தின் கதையை மகன் சொல்லத் தொடங்குகிறான். இருட்டு, தனிமை, யாரோ வரும் ஓசை என்று திகில் படத்துக்குரிய எல்லாச் சரக்கும் அந்தக் கதையில் உண்டு. ஆனால் கதை என்று ஒன்று இல்லவே இல்லை. என்ன நடந்தது, யாருக்கு நடந்தது, பிறகு என்ன ஆனது என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. நாகேஷ் கதவாகவும், காற்றாகவும், காலடி ஓசையாகவும், பின்னணி இசையாகவும் தாமே மாறிக்கொண்டு, பாலையாவைச் சுற்றிச் சுற்றி வருகிறார். எல்லாரும் பாராட்டுவது இந்த விந்தையைத்தான், பாராட்டத்தக்கதும்தான். ஆனால் அடுத்த முறை பார்க்கும்போது நாகேஷைப் பார்க்காமல் பாலையாவின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருங்கள். மகன் என்ன உளறப்போகிறானோ என்ற அலட்சியத்தோடு தொடங்கும் அந்த முகம், எந்த இடத்தில் கதைக்குள் விழுந்தது என்பதை நம்மால் சுட்டிக்காட்ட முடியாது. கண்கள் தாமாகவே பெரிதாகின்றன. வாய் ஒரு பக்கமாகக் கோணுகிறது. எச்சில் விழுங்கவும் மறந்துபோகிறார். பேச்சு என்று பார்த்தால் அவருக்கு அங்கே அநேகமாக ஒன்றுமில்லை. பேசாமல் உட்கார்ந்திருக்கும் அந்த மனிதர் பயப்படுகிறார் என்பதற்காகத்தான், பயப்பட ஒன்றுமே இல்லாத அந்தக் கதை கதையாகிறது.

மதுரைப் பக்கத்துக்காரர்களுக்கு இது புதிய சங்கதி அன்று. மேலூர், உசிலம்பட்டி, சிவகங்கைப் பக்கம் திருவிழா நாள்களில் விடிய விடிய ‘வள்ளி திருமணம்’ நாடகம் பார்த்தவர்கள், முருகனும் வள்ளியும் வருவதற்கு முன்பே மேடைக்கு வந்து கூட்டத்தைக் கட்டிப்போடும் பபூனை அறிவார்கள். அந்தப் பபூன் கூட்டத்தைப் பார்த்து மட்டும் பேசுவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆர்மோனியக்காரரிடமும் மிருதங்கக்காரரிடமும் பேசுகிறான். அவர்கள் ‘அப்படியா’ என்பார்கள், ‘அப்புறம்’ என்பார்கள், நம்ப முடியாது என்று தலையை ஆட்டுவார்கள். கூட்டம் சிரிப்பது பபூன் பேசி முடித்ததும் அன்று. ஆர்மோனியக்காரர் முகத்தைச் சுளித்ததும்தான். நல்ல பபூன் ஒருவர் மந்தமான பக்கவாத்தியக்காரரிடம் மாட்டிக்கொண்டு திண்டாடுவதையும், சுமாரான பபூனைச் சுறுசுறுப்பான ஆர்மோனியக்காரர் ஒருவர் இரவு முழுக்கத் தூக்கிச் சுமப்பதையும் இந்த ஊர்ப் பக்கம் பார்க்கலாம். பாலையா நாடக மேடையிலிருந்து வந்தவர்; 1936இல் ‘சதி லீலாவதி’யிலேயே திரைக்கு வந்துவிட்டவர். கேட்பவனின் வேலை என்ன என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அதைவிட முக்கியமானது, கேட்பவர் ஒருவர் கிடைத்துவிட்டார் என்பது நாகேஷுக்குத் தெரிந்திருந்தது. அவர் பாலையாவின் முகத்துக்கு இடம் விட்டு விட்டுக் கதை சொல்கிறார். சிரிப்பைத் தாமே அள்ளிக்கொள்ள வேண்டும் என்ற அவசரம் அவரிடம் இல்லை.

பாலையா அதற்கு முன் எத்தனையோ படங்களில் பிறரை மிரட்டியவர் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். ‘மதுரை வீரன்’ பார்த்த எங்கள் ஊர்க்காரர்களுக்கு அவரை வில்லனாகத் தெரியும். அந்தக் கண்களுக்கும் அந்தக் குரலுக்கும் அஞ்சிப் பழகிய பார்வையாளர் முன்னால், அதே கண்கள் ஒரு வெற்றுக் கதைக்கு மிரளும்போது எழும் சிரிப்பில், பழைய கடன் ஒன்றைத் தீர்த்துக்கொண்ட திருப்தியும் கொஞ்சம் கலந்திருக்க வேண்டும்.

முழுப் படத்தையும் பாருங்கள் என்று சொன்னதற்கான காரணம் இங்கேதான் இருக்கிறது. விஸ்வநாதன் பேராசைக்காரர்; ஆனால் கெட்டவர் அல்லர். அவருடைய உண்மையான பலவீனம் பணத்தின் மேலுள்ள ஆசைகூட அன்று. யாராவது முகபாவத்தோடு எதையாவது சொன்னால் அதைக் கண்ணால் கண்டதுபோல நம்பிவிடுகிற மனம். இல்லாத பேய்க்கு நடுங்குகிற மனிதர்தான், இல்லாத கோடீஸ்வரருக்கும் எழுந்து நின்று கைகூப்புகிறார். வேலைக்கு லாயக்கில்லாதவன் என்று துரத்திய அசோக்கைப் பணக்காரன் என்று கேள்விப்பட்டதும் ‘அசோகர்’ ஆக்கி, ‘மகன்’ என்ற சொல்லுக்கே மரியாதை சேர்த்து ‘மகருங்களா’ என்று கேட்கும் இடத்தை இன்றைக்கும் பெரியவர்கள் வீட்டில் சொல்லிக் காட்டிச் சிரிக்கிறார்கள். ஆக, இந்த வீட்டில் கதை சொல்பவர்கள் இரண்டு பேர். அசோக் சொல்லும் கதை பொய். அதை உண்மை என்று சொல்லி விற்கிறான், விலையும் கிடைக்கிறது. செல்லப்பா சொல்வது கதை என்பதை அவனே ஒப்புக்கொள்கிறான். அவனுக்குக் கைப்பணம் பெயரவில்லை. சினிமாக்காரர்கள் எடுத்த படத்தில் சினிமா ஆசை பிடித்தவனின் கதி இப்படி இருப்பதைப் பார்த்து, ஸ்ரீதரும் கோபுவும் தங்களுக்குள் சிரித்துக்கொண்டிருப்பார்கள் என்றே தோன்றுகிறது.

நாகேஷ் என்ற நடிகரை இந்தப் படத்தை வைத்து மட்டும் மதிப்பிட முடியாது என்றாலும், மதிப்பீட்டைத் தொடங்க இதைவிட நல்ல இடம் இல்லை. தாராபுரத்தில் பிறந்து, அம்மை வார்த்த தழும்புகள் நிறைந்த முகத்தோடும் ஒல்லியான உடம்போடும் சென்னைக்குப் போய், ரயில்வேயில் எழுத்தர் வேலை பார்த்துக்கொண்டே நாடகத்தில் நடித்தவர் அவர். நாடகத்தில் வயிற்றுவலிக்காரனாக வந்து எம்.ஜி.ஆரின் பாராட்டைப் பெற்ற கதை பலமுறை சொல்லப்பட்டிருக்கிறது. அந்த உடம்புதான் அவருடைய மூலதனம். செல்லப்பாவாக அவர் ஓர் அறைக்குள் நுழையும்போது முதலில் வருவது பேச்சு அன்று, கால்கள். ஒரு கால் ஒரு பக்கம் போக நினைக்கும். உடம்பு வேறு பக்கம் திரும்பியிருக்கும். கை இன்னும் முந்தின வேலையை முடிக்காமல் இருக்கும். இத்தனை குழப்பத்திலும் வசனத்தில் ஓர் எழுத்துகூடத் தேயாமல் காதில் விழும். இன்றைய நகைச்சுவை நடிகர்கள் பலரிடம் வேகம் இருக்கிறது. வேகத்தோடு இந்தத் தெளிவும் சேர்ந்திருப்பவர்கள் மிகக் குறைவு. செல்லப்பாவின் ஆசையை அவர் கேலி செய்து நடிக்கவில்லை என்பதும் கவனிக்க வேண்டிய ஒன்று. கம்பெனிக்குப் பணம் இல்லை, காமிரா இல்லை, கதை இல்லை. ஆனாலும் தான் ஒரு பெரிய தயாரிப்பாளர், பெரிய இயக்குநர் என்பதில் செல்லப்பாவுக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. அந்த நம்பிக்கையை நாகேஷ் முழு மரியாதையோடு நடிக்கிறார். சிரிப்பை நம்மிடம் விட்டுவிடுகிறார்.

அதே 1964இல் ‘சர்வர் சுந்தரம்’ படத்தில் அவர் கதாநாயகனாகவே நடித்தார். அடுத்த ஆண்டு வந்தது ‘திருவிளையாடல்’. மதுரையில் நாகேஷைப் பற்றிப் பேசினால் பேச்சு எப்படியும் தருமியிடம் போய்த்தான் நிற்கும். மீனாட்சியம்மன் கோயிலின் ஆவணி மூலத் திருவிழாவில் தருமிக்குப் பொற்கிழி அளித்த லீலை நடக்கும் நாளில், வந்திருக்கும் கூட்டத்தில் பாதிப் பேர் மனத்தில் தருமி என்ற பெயருக்கு நாகேஷின் முகம்தான் இருக்கும். புராணத்தில் வரும் ஏழைப் புலவனுக்கு முகம் கொடுத்தவர் அவர் என்று சொன்னால் சிவாச்சாரியார்கள்கூடக் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், அதே திருவிழாவில் விறகு விற்ற லீலையும் நடக்கிறது. அந்த லீலையில் பாண்டியன் அவைக்குச் சவால் விட வரும் ஏமநாத பாகவதராக அதே ‘திருவிளையாடல்’ படத்தில் நடித்தவர் பாலையா. சின்னமலைப் பங்களாவில் அப்பாவும் மகனுமாக இருந்தவர்கள், அடுத்த ஆண்டே ஆளுக்கொரு லீலையாக மதுரைக்கு வந்துவிட்டார்கள். தருமி கோயிலுக்குள் தனியாகப் புலம்பும் காட்சியில் நாகேஷுக்குக் கேட்பவர் யாரும் இல்லை. தாமே பேசி, தாமே பதில் சொல்லிக்கொள்கிறார். சொல்பவனும் கேட்பவனும் ஒரே உடம்புக்குள் இருந்து மாறி மாறி எட்டிப் பார்க்கும் அந்த வித்தையை, பேய்க்கதைக் காட்சியை அடுத்து உடனே பார்த்தால், ஓராண்டுக்குள் அவர் எவ்வளவு தூரம் போயிருக்கிறார் என்பது தெரியும்.

மற்றவர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். குழந்தை நட்சத்திரமாகத் தொடங்கி, கதாநாயகியாகவும் நடித்துவிட்ட சச்சு, நகைச்சுவைப் பாத்திரத்துக்கு இறங்குவதா என்று யோசிக்காமல், செல்லப்பாவின் எடுக்கப்படாத படத்துக்குக் கதாநாயகியாகிறார். எஸ்டேட் மேனேஜரின் மகள் மீனலோசனியாக வரும் அவர், நட்சத்திரமாகும் கனவில் நாகேஷ் சொல்வதையெல்லாம் செய்து காட்டும் காட்சிகளில், அவரும் ஒரு நல்ல ‘கேட்பவர்’ என்பதை நிறுவுகிறார். இரண்டாண்டுகளுக்கு முன் ‘நெஞ்சில் ஓர் ஆலய’த்தில் நோயாளிக் கணவனாக வந்து அழவைத்த முத்துராமன், இங்கே வாசுவாக, கிழவர் வேடத்தில் தடியை ஊன்றிக்கொண்டு, சீர்காழி கோவிந்தராஜனின் கணீர்க் குரலில் தலைப்புப் பாட்டைப் பாடும்போது, ஸ்ரீதர் தம்முடைய பழைய படங்களையே கொஞ்சம் கிண்டல் செய்கிறாரோ என்று நினைக்க வைக்கிறார். அசோக்காக வரும் ரவிச்சந்திரனிடம் ஒரு புதுமுகத்தின் துள்ளல் இருக்கிறது. நடிப்பு என்று பெரிதாகக் கேட்கப்படவில்லை, அவரும் பெரிதாகக் கொடுக்கவில்லை. விஸ்வநாதனின் பெண்களாக வரும் காஞ்சனாவும் ராஜஸ்ரீயும் அழகாக உடுத்தி, அழகாகக் கோபித்துக்கொள்கிறார்கள்.

பாட்டுகளைப் பற்றிச் சண்டைக்கு வருபவர்கள் உண்டு என்பதால் எச்சரிக்கையாகச் சொல்கிறேன். ‘என்ன பார்வை உந்தன் பார்வை’, ‘அனுபவம் புதுமை’, ‘நாளாம் நாளாம் திருநாளாம்’, ‘நெஞ்சத்தை அள்ளி’ என்று ஒன்றையும் ஒதுக்க முடியாத வரிசை இது. ஜேசுதாசின் இளங்குரலை ‘என்ன பார்வை’யில் கேட்பதே தனி இன்பம். ‘விஸ்வநாதன் வேலை வேண்டும்’ பாட்டில் இசையமைப்பாளரின் பெயரும் முதலாளியின் பெயரும் ஒன்றாக இருப்பதை வைத்து மெல்லிசை மன்னரையே வம்புக்கு இழுக்கிறார்கள் என்று கச்சேரி மேடைகளில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அந்தப் பாட்டு படமாக்கப்பட்ட ஆழியாறு அணைப் பக்கத்தை, பழனி, உடுமலை வழியாக வால்பாறைக்குப் போகும் மதுரைக்காரர்கள் இன்றும் வண்டியை நிறுத்திப் பார்க்கிறார்கள். இருந்தாலும் படமாகப் பார்க்கும்போது பிற்பாதியில் பாட்டுகள் கதையை நிறுத்தி நிறுத்தித்தான் நகர விடுகின்றன. குட்டு உடையப்போகிறது என்று நாம் நுனி நாற்காலியில் இருக்கும் நேரத்தில் இரண்டு ஜோடிகளும் ஆடக் கிளம்பிவிடுகிறார்கள். காதில் கேட்கும்போது எவ்வளவு கொடுத்தாலும் தகும் என்று தோன்றும் பாட்டுகள், கண்ணால் பார்க்கும்போது அதிகம் என்று தோன்றுவது இந்தப் படத்தின் குறை.

வேறு குறைகளும் உண்டு. வண்டி நின்றுபோய்த் தவிக்கும் இரண்டு பெண்களைச் சீண்டிப் பாடும் ‘உங்க பொன்னான கைகள்’ பாட்டை இன்றைய கல்லூரிப் பெண் ஒருத்தி முகம் சுளிக்காமல் பார்ப்பாள் என்று எதிர்பார்ப்பது சரியாகாது. அன்றைக்கு அதைக் குறும்பு என்றார்கள், இன்றைக்கு அதற்கு வேறு பெயர் இருக்கிறது. இவ்வளவு பெரிய தோட்டத்தில் உழைக்கும் ஆட்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதைப் படம் ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. வேலையிழந்த ஒருவன் நடத்தும் போராட்டம் பாட்டாகத் தொடங்கிப் பாட்டாகவே முடிந்துவிடுகிறது. கடைசிப் பகுதியில் ஆள்மாறாட்டக் குழப்பத்தை அவிழ்ப்பதற்காக எல்லாரையும் ஓரிடத்தில் கொண்டுவந்து சேர்க்கும் ஏற்பாட்டில் அவசரம் தெரிகிறது. இவற்றையெல்லாம் மறைத்துவிட்டு இதைக் குறையே இல்லாத படம் என்று சொல்பவர்கள், படத்தைவிடத் தங்கள் இளமைக் காலத்தைத்தான் அதிகம் நேசிக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

ஆனால் படத்தை விரும்புபவர்கள் அந்த வயதுக்காரர்கள் மட்டும் அல்லர் என்பதுதான் யோசிக்க வேண்டியது. சிம்மக்கல்லில் உறவினர் வீட்டு விசேஷம் ஒன்றுக்காகக் கூடியிருந்த இரவில், பெரிய தொலைக்காட்சியில் இந்தப் படத்தை ஓடவிட்டார்கள். பேய்க்கதைக் காட்சி வந்தபோது, கல்லூரியில் படிக்கும் பேரன் ஒருவன், அவனுக்கு ஏற்கெனவே மனப்பாடமாகிவிட்ட காட்சி என்பதால், நாகேஷோடு சேர்ந்து ஒவ்வோர் ஓசையையும் வாயால் செய்துகொண்டிருந்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவனுடைய அப்பத்தா, “டேய், நீ சும்மா இருடா. அந்த மனுசன் மூஞ்சியப் பாரு, பயந்தே செத்துருவாரு போல” என்று அதட்டினார். சொல்பவனையே பார்த்துப் பழகியவன் அதன் பிறகு கேட்பவரைப் பார்க்கத் தொடங்கி, இன்னும் பலமாகச் சிரித்தான். அந்தக் கூடத்தில் அன்றைக்கு ஒருவரையொருவர் பார்த்துப் பேசிக்கொள்ளாத இரண்டு பங்காளிகள்கூட இருந்தார்கள். சிரிப்பு வந்தபோது இருவருமே அதை மறந்துவிட்டார்கள். யாரையும் இழிவுபடுத்தாத சிரிப்பு என்பதால், குழந்தைகளை வெளியே அனுப்பவோ, ரிமோட்டைத் தேடவோ யாருக்கும் அவசியம் ஏற்படவில்லை. இந்தப் படத்தில் நிறத்தை வைத்தோ, உடல் குறையை வைத்தோ, சாதியை வைத்தோ, மனைவியை அடிப்பதை வைத்தோ சிரிப்பு மூட்டும் இடம் என்று ஒன்றுகூட என் நினைவுக்கு வரவில்லை. சிரிப்புக்கு ஆளாகும் ஒரே மனிதர் வீட்டிலேயே அதிகாரம் மிகுந்த பெரியவர். அவரைப் பார்த்துச் சிரிப்பதில் எந்தத் தலைமுறைக்கும் சங்கடம் இல்லை; அவரை வெறுக்க எந்தத் தலைமுறைக்கும் மனமும் வரவில்லை.

இனி, பார்க்க விரும்புபவர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள். தங்கம் திரையரங்கு நின்ற இடத்தில் ஜவுளிக்கடை வந்துவிட்ட மதுரையில், இத்தகைய பழைய படத்தைப் பெரிய திரையில் பார்க்கும் வாய்ப்பு அபூர்வம். எங்காவது கிடைத்தால் விடாதீர்கள். தொலைக்காட்சி ஒன்றில் இதை ஒளிபரப்பியபோது, பேய்க்கதை உச்சத்துக்குப் போகும் இடத்தில் விளம்பரத்தைச் செருகி, திரும்பி வரும்போது காட்சியின் வாலை மட்டும் காட்டினார்கள். கட்டிவந்த பயமெல்லாம் சோப்பு நுரையில் கரைந்து போயிற்று. இணையத்தில் கிடைக்கும் பிரதிகளிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இது தமிழுக்கு அகலத்திரை வராத காலத்துப் படம். சட்டகம் ஏறக்குறையச் சதுரமாக இருக்கும். இன்றைய தொலைக்காட்சிப் பெட்டியை நிரப்ப வேண்டும் என்பதற்காகச் சிலர் மேலும் கீழும் வெட்டி வலையேற்றிவிடுகிறார்கள். காதல் பாட்டுகளில் அதனால் பெரிய நட்டமில்லை. ஆனால் நாகேஷ் வரும் இடங்களில் கால்கள் காணாமல் போகின்றன; கால் இல்லாத நாகேஷ் பாதி நாகேஷ்தான். திரையின் இரு பக்கமும் கறுப்புப் பட்டை இருக்கும் பிரதியே சரியான பிரதி. நிறம் வெளிறியிருந்தால் பரவாயில்லை. மெரினாவின் வானமும் ஆழியாற்று மலையும் கொஞ்சம் மங்கலாகத் தெரியும், அவ்வளவே. ஒலி மட்டும் தெளிவாக இருக்க வேண்டும். நாகேஷின் வேகத்துக்கு மோசமான ஒலிப்பதிவு ஈடுகொடுக்காது.

தனியாகப் பார்ப்பதைவிட நாலைந்து பேரோடு பார்ப்பது நல்லது. அவர்களில் ஒருவராவது படத்தை இதுவரை பார்க்காதவராக இருந்தால் இன்னும் நல்லது. இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடும் படம் என்பதால், இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு உட்காருங்கள். நேரம் போதாதவர்கள் பிற்பாதியில் ஒன்றிரண்டு பாட்டுகளைத் தள்ளிவிட்டுப் பார்த்தாலும் தவறில்லை. பாலையா வரும் காட்சி எதையும் தள்ளிவிடாதீர்கள். பார்த்து முடித்தவர்கள் அடுத்து என்ன பார்ப்பது என்று கேட்டால், பெரும்பாலானவர்கள் ‘சர்வர் சுந்தர’த்தைச் சொல்வார்கள். நான் ‘தில்லானா மோகனாம்பா’ளைச் சொல்வேன். அதில் வைத்தியாக வரும் நாகேஷ் சிரிக்க வைத்துக்கொண்டே நம்மை வெறுக்கவும் வைக்கிறார். தவில்காரராக வரும் பாலையா, இம்முறை பயப்படாமல், எதிரில் இருப்பவரை ஒரு பார்வையில் எடைபோட்டுவிடுகிறார்.